அவர் நம்பிய பங்க்

காருக்கு எந்தப் பெட்ரோல் போடுவது என்று குழம்புகிறவர்கள் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. பெட்ரோல் ஊற்றும் இடத்து மூடியைத் திறந்தால் அதன் உள்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். தொண்ணூற்றொன்று என்று போட்டிருந்தால் தொண்ணூற்றொன்றே போதும். அதற்குமேல் போடுவது காசைக் கரியாக்குவது. தொண்ணூற்றைந்து என்று போட்டிருந்தால் குறைத்துப் போடக் கூடாது. உசத்திச் சரக்கு, மட்டச் சரக்கு என்று காட்டுவதற்கு வைத்த எண் இல்லை அது. இன்ஜினுக்குள் போட்டு அழுத்தும்போது, நேரம் வருமுன் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதற்கான எண். பொறுமை குறைந்த பெட்ரோலைப் போட்டால், மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும்.

இவ்வளவும் என் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டது, ஐயா. நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயர். அடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, நடுவழியில் நின்றுபோன வண்டி எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, என்ன ஆயிற்று, யார்மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பது வேலை. கலப்படப் பெட்ரோல் குடித்துச் செத்த இன்ஜின்களின் வயிற்றைப் பிளந்து பார்த்தவர். அதனால் அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. பங்க்கில் லாரி நின்று பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே போடக் கூடாது. அடியில் படிந்த கசடு கலங்கி மேலே வந்திருக்கும். டாங்க் கால்வாசிக்குக் கீழே போகவே கூடாது. உள்ளே இருக்கும் பம்ப்புக்குப் பெட்ரோல்தான் குளிர்ச்சி. கூட்டம் இல்லாத பங்க்கில் போடக் கூடாது. விற்காத பெட்ரோல் பழசாகிக் கிடக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் தெரியாத்தனமாக 'எந்தக் கம்பெனி நல்லது சார்' என்று வாயைக் கொடுத்துவிட்டால் அவர்கள் டீ ஆறிப்போகும்.

நான் மருந்துக்கடையில் மருந்தாளுநர். கடைக்கு வருகிறவர்களிடம் நானும் நாள் முழுக்க இதையேதான் சொல்கிறேன்: கம்பெனிப் பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்று. அவரிடமும் சொல்வேன், எல்லாப் பெட்ரோலும் ஒரே கிடங்கிலிருந்துதானே வருகிறது என்று. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "எல்லாம் ஒண்ணுதான். டாங்க்க எவன் சுத்தமா வெச்சிருக்கான்னுதான் பாக்கணும்" என்பார். அப்படி அவர் பார்த்து நம்பிய பங்க் ஒன்று, ஊரைச் சுற்றிப் போகும் பெரிய சாலையில் இருந்தது. வீட்டிலிருந்து வெகு தூரம். அங்கே தவிர வேறெங்கும் போட மாட்டார். எனக்குச் சாதா சோப்பு போதும், அவர் காருக்குத்தான் எல்லாம் விசேஷம் என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே துணியால் மூடியைத் துடைப்பார்.

எங்களுக்கு ஒரு பெண். வாலு என்று கூப்பிடுவோம். சும்மா இருக்க மாட்டாள், அதனால் வந்த பெயர். மூச்சிரைப்பு இருந்தது அவளுக்கு. பங்க்குக்குப் போனால் அப்பா எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு "மூச்சப் பிடிச்சுக்கோ" என்பார். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை உருட்டுவாள். பெட்ரோல் போட்டு முடிந்து அவர் வந்து உட்கார்ந்ததும், "நான் எவ்வளவு நேரம் பிடிச்சேன் தெரியுமா" என்று கேட்பாள். அவர் நம்புவது போலவே கேட்டுக்கொள்வார். நடுவில் அவள் மூச்சு விட்டதை நாங்கள் இருவரும் பார்த்திருப்போம்.

அவள் போன நாளைச் சொல்கிறேன்.

அந்த வாரம் அவர் வெளியூர் வேலையாக ஆபீஸ் ஜீப்பில் போயிருந்தார். எங்கள் வண்டி வீட்டில் இருந்தது. சனிக்கிழமை மதியம் திரும்பிவந்து குளித்துக்கொண்டிருந்தபோது வாலுவுக்கு இரைக்க ஆரம்பித்தது. மூச்சு மருந்தை இரண்டு தடவை கொடுத்தேன். கேட்கவில்லை. பயந்துவிடவில்லை நாங்கள். இதற்கு முன்பும் இப்படி ஆகி, ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்து, மாலையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். அவளும் பழகியவள்தான். செருப்பு எங்கே என்று அவளே தேடினாள்.

அவர் வண்டியைக் கிளப்பினார். பெட்ரோல் விளக்கு எரிந்தது. முள்ளைப் பார்த்தார். கியரைப் போட்டு வெளியே எடுத்தார்.

தெரு முனையைத் தாண்டினால் ஒரு பங்க். அங்கே லாரி இறக்கிக்கொண்டிருந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார், பிறகு போய்விட்டார். காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் இன்னொன்று. அங்கே கூட்டமே இல்லை. தொண்ணூற்றொன்று மட்டும்தான் கிடைக்கும் என்று பலகை இருந்தது. எங்கள் வண்டிக்குத் தொண்ணூற்றைந்து. "கொஞ்சம் போட்டுக்கலாமே" என்றேன். "ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும். இவள இறக்கி விட்டுட்டு நான் போய்ப் போட்டுட்டு வரேன்" என்றார். அதுவும் தப்பான கணக்கு இல்லை. சாதாரண நாளாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். அன்று மேம்பாலத்துக்குக் கீழே ஏதோ ஊர்வலம். வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. குழந்தைக்குப் புழுதி ஆகாது என்று ஏசியை நிறுத்த முடியவில்லை. பாலத்து மேட்டில் ஏறும்போது வண்டி இரண்டு தடவை குலுங்கியது. பிறகு நின்றுவிட்டது.

அதுவரை என் மடியில் சாய்ந்துகொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தவள், அங்கேதான் மாறினாள். உதடு நீலமாவதைக் கடையில் படித்துப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஓடினேன். பாலத்தின் இறக்கத்தில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தபோது அவள் கண் திறந்துதான் இருந்தது. எங்களைப் பார்க்கவில்லை.

டாக்டர் நிறைய முயன்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு நர்ஸ் வந்து எந்தப் பகுதியிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள், எழுதிக்கொள்ளத்தான். நான் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அவ்வளவு பக்கத்துலேருந்தா?" என்றாள்.

அந்தக் கேள்வி அவர் காதிலும் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தான் என்று ஊர் பேசியது. பேசாமல் இருக்குமா? அவருடைய அக்கா, என் நாத்தனார், எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டார், வழியில் இரண்டு பங்க் இருந்ததாமே, வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டாயா என்று. அவர் தலையைத் தூக்காமல், "என் தப்புதாங்க்கா" என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் அவர்மேல் பழி போடவில்லை, ஐயா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே சொன்னார்.

பிறகு நாங்கள் வாழ்ந்தோம். அவர் வேலைக்குப் போனார், நான் கடைக்குப் போனேன். வாலுவின் அலமாரியைத் திறக்காமலே தூசி தட்டினேன். அவர் ஒரு விஷயத்தில் மட்டும் மாறிப்போனார். எந்தப் பங்க்கைப் பார்த்தாலும் வண்டியை உள்ளே விட்டார். லாரி நின்றாலும் சரி, ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் சரி. தொண்ணூற்றொன்றோ தொண்ணூற்றைந்தோ, கையில் எது கிடைக்கிறதோ அது. டாங்க் முக்கால்வாசி இருக்கும்போதே போய் நிரப்பிக்கொண்டு வருவார். மேட்டில் ஏறும்போது இன்ஜின் டொக் டொக் என்று தட்டும். முன்பு அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாடு இறங்காது அவருக்கு. இப்போது காதில் விழாதவர் போல ஓட்டினார்.

என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுவிடக்கூடிய விஷயமா அது? அப்படியானால் அன்றைக்கு விட்டிருக்கலாமே. பெரிய கொள்கை என்றால் இன்றைக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் என் பெண் எதற்காகப் போனாள்? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார், நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். நாங்கள் மரியாதையாகவே இருந்தோம். காலையில் அவருக்கு டீ வைத்துக் கொடுப்பேன். எனக்குக் கால் வலித்தால் தைலம் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கொல்லைக் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் வியர்வை. தாடை வலிக்கிறது என்றார். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். இது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைப்பையில் ஆஸ்பிரின் இருந்தது. மருந்தாளுநர் கைப்பையில் அது எப்போதும் இருக்கும். மென்று விழுங்கச் சொன்னால் பாதி ஆபத்து தள்ளிப்போகும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

"மாத்திரை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"அங்க போய்ப் பாத்துக்கலாம். சாஞ்சுக்கோங்க" என்றேன்.

முன்சீட்டில் உட்கார வைத்து நான்தான் ஓட்டினேன். டாங்க் நிறைந்திருந்தது, எப்போதும் போல. மேம்பாலத்துக்குப் போகும் திருப்பத்தில் நான் திரும்பவில்லை. நேராகப் போனேன். அவர் கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எங்க போற?"

"பெட்ரோல் போடணும்."

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, என்ன நடந்தது என்று ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும் மனிதர் அவர்.

நீங்கள் நம்ப வேண்டும், ஐயா. அந்த நிமிடம் வரை நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திருப்பிவிடுவதாகத்தான் இருந்தேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்க, வண்டி வேறு பக்கம் போனால் மூச்சுக்குத் தவிக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியட்டும், அவ்வளவுதான். தெரிந்ததும் திருப்பியிருப்பேன்.

ஆனால் அவர் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அந்த வாரம் பூரா நீதான் ஓட்டினே. லைட்டு முந்தின நாளே எரிஞ்சிருக்கும். நீ பாத்திருப்பேன்னு எனக்குத் தெரியும்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் யாருக்கும் சொல்லல. உன்னையும் கேக்கல. கேட்டா நீ தாங்க மாட்டேன்னுதான்." பிறகு சொன்னார், "வண்டியத் திருப்பும்மா."

வண்டி வீட்டில் இருந்தது என்று முன்பு சொன்னேன். சும்மா இருக்கவில்லை. அந்த வாரம் கடைக்கும் வாலுவின் பள்ளிக்கூடத்துக்கும் நான்தான் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது விளக்கு எரிந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, வண்டிக்குப் பசிக்குது" என்றாள். பக்கத்திலேயே பங்க் இருந்தது. நான் நிறுத்தவில்லை. அதற்கு முந்தின வாரம் அவசரத்துக்கு எங்கேயோ பெட்ரோல் போட்டுவிட்டேன் என்று அவர் கொஞ்சம் கடிந்துகொண்டிருந்தார். "இனிமே நீ போட வேணாம், நானே போட்டுக்கறேன்" என்று சொல்லியிருந்தார். சரி, அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் ஊரிலிருந்து வந்ததும் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். மறக்கவில்லை. அவராகப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். வீம்பு. கணவன் மனைவிக்குள் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். மறுநாள் காலையில் தீர்ந்துபோகும்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். என்னோடு போய்விடும் என்று இருந்தேன். அவர் எல்லாம் தெரிந்துகொண்டே அந்தக் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரிந்துகொண்டே நான் வைத்த டீயைக் குடித்திருக்கிறார். தெரிந்துகொண்டே தைலத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். திட்டியிருந்தால்கூட ஈடு கொடுத்திருப்பேன். இப்படி ஒரு மனிதரோடு இனி ஒரே கூரையின் கீழ் எப்படி இருப்பது? அவர் பிழைத்து வந்தால் தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதில் கோபமே இருக்காது.

அதனால் நான் திருப்பவில்லை.

பெரிய சாலைக்குப் போனேன். அவருடைய பழைய பங்க்கில் கூட்டம் இருந்தது, எப்போதும் போல. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வண்டிக்காரரிடம் சில்லறை இல்லை, தேடிக்கொண்டிருந்தார். நான் ஹாரன் அடிக்கவில்லை. என் கணவர் கையை நகர்த்தி என் முழங்கையைத் தொட்டார். பிடிக்க வலு இல்லை. தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். என் முறை வந்தபோது, பெட்ரோல் போடும் பெண் எது வேண்டும் என்று கேட்டாள். தொண்ணூற்றைந்து என்றேன். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினேன். கொஞ்சம்தான் இறங்கியது, பம்ப் தானாக நின்றுவிட்டது.

அவள் ஜன்னலைத் தட்டினாள், இறக்கினேன். "ஃபுல்லாத்தான் இருக்கும்மா" என்றாள். பிறகு குனிந்து உள்ளே பார்த்து, "சாருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

தூங்குகிறார் என்றேன். கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன். துடைத்தாள். டயரில் காற்றும் பார்க்கச் சொன்னேன். நாலு டயரிலும் பார்த்தாள். அவர் முன்பெல்லாம் அப்படித்தான் செய்வார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வேகம் கூட்டாமல், சிக்னலில் நின்று, ஒழுங்காகத்தான் போனேன். பாதி வழியில் முழங்கையிலிருந்து அவர் கை நழுவி விழுந்தது. எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அது சரிதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்தப் பகுதியிலிருந்து வருகிறீர்கள் என்றுகூட இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. நாத்தனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு வந்தாயே, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்று அழுதார். அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். எல்லோரும் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். பழைய விஷயத்தை யாரும் எடுக்கவில்லை.

அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. நீங்கள் கூப்பிடவில்லை. வீட்டில் இருந்து பார்த்தேன், முடியவில்லை. கேட்க யாராவது வேண்டும் போல இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். என் கணவரை நான்தான் கொன்றேன். பையில் மாத்திரை இருந்தது, கொடுக்கவில்லை. வண்டியில் பெட்ரோல் நிறைய இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. திருப்பச் சொன்னார், திருப்பவில்லை. யாரும் தூண்டவில்லை, எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுத வேண்டாம். அவர்மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்கு அந்த இரண்டு பங்க்கிலும் அவர் வண்டியை நிறுத்தாமல் போனாரே, அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.